பேச்சுக்குப் பால் விடாத மாடு

ஷோபனா பேசாமல் இருந்த நேரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அவள் தூங்கிய நேரம்தான் தேறும் என்பாள் பக்கத்து வீட்டு சுசித்ரா. அதுவும் சரியில்லை என்பாள் ஷோபனாவின் மகள் அபி. தூக்கத்திலும் அம்மா யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதை அவள் கேட்டிருக்கிறாள்.

திருத்தணியிலிருந்து கே.ஜி.கண்டிகை போகும் சாலையில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அவர்கள் வீடு. அந்த வீட்டில் ஷோபனா பேசாத பொருள் கிடையாது. தண்ணீர் வராத குழாயைப் பார்த்து, "நேத்து வந்த இல்ல, இன்னிக்கி இன்னா கேடு உனக்கு?" என்று கேட்பாள். தோசை ஒட்டிக்கொண்டால் கல்லுக்கு ஏச்சு விழும். எடுத்துச் சொன்னால் எதுவும் கேட்கும் என்பது அவள் கட்சி. கேட்காவிட்டால் சொன்ன விதம் சரியில்லை என்று இன்னொரு முறை விளக்கமாகச் சொல்வாள்.

அந்தக் குரல் சின்ன வயதிலேயே பழகியது. பிறந்தது திருவாலங்காட்டில், நெல்லும் கரும்பும் போட்ட குடும்பத்தில். கதிர் முற்றுகிற மாதத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளைக் கிளி விரட்ட வரப்பில் நிறுத்துவார்கள். மற்ற பிள்ளைகள் தகரம் தட்டுவார்கள். ஷோபனாவுக்குத் தகரம் தேவைப்பட்டதில்லை. கத்திக் கத்தி ஓய்ந்த நேரத்தில் பறவைகள் என்ன சொல்லிக்கொள்கின்றன என்று கேட்பாள். கிளிகள் சும்மா கத்துவது ஒரு மாதிரி இருக்கும். பனைமரத்தில் உட்கார்ந்த ஒற்றைக் கிளி ஆளைப் பார்த்துக் கத்துவது வேறு மாதிரி இருக்கும். அந்த ஒரு கத்தலுக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விடும்.

இப்போது அவளிடம் ஆறு கோழிகள் இருந்தன. பருந்து வட்டம் போட்டால் தாய்க்கோழி மெல்லிய இழுப்பாக ஒரு சத்தம் விடும். குஞ்சுகள் செடிக்கடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நாயோ பூனையோ வந்தால் 'கெக் கெக் கெக்' என்று வெட்டி வெட்டிக் கத்தும். ஷோபனா அடுப்படியில் இருந்தபடியே, "அபி, நாய் வந்துகீது பாரு" என்பாள். தலையைத் திருப்ப வேண்டியதில்லை. சேவல் மட்டும் நம்ப முடியாத ஆள். தரையில் ஒரு தானியமும் இல்லாதபோதே தீனி கிடைத்த மாதிரி கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிடும். இரண்டு முறை ஏமாந்த பெட்டை மூன்றாம் முறை திரும்பிக்கூடப் பார்க்காது. "இது நம்ம துளசிங்கத்து கூடப் பொறந்தது" என்பாள் ஷோபனா. துளசிங்கம் அந்தப் பக்கத்து மாட்டுத் தரகர்.

கோழி பாஷை தெரிந்தது ஒரு விதத்தில் குடும்பத்துக்கும் உதவியது. கணவன் முரளிதரன் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கல்யாணமாகி வந்த முதல் வாரம் ஷோபனா பயந்துபோனாள். மனிதன் வாயே திறக்கவில்லை. ஊமை மாப்பிள்ளையை மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று அம்மாவுக்குப் போன்கூடப் போட்டாள். பிறகு கவனித்ததில் அவனிடம் மூன்று சத்தம் இருப்பது தெரிந்தது. 'ஆங்' என்று நீட்டினால் சம்மதம். வெட்டினால் சம்மதம்தான், ஆனால் பிடிக்கவில்லை. 'ம்' என்றால் யோசிக்கிறான், குறுக்கே பேசாதே என்று பொருள். தொண்டையைச் செருமினால் டீ வேண்டும். ஆறு மாதத்தில் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. அவன் பேசாத பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. அவன் ஆட்டோவின் பின்சீட்டுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி உண்டு. "முரளி வாய அங்க வச்சிகீறான்" என்று ஸ்டாண்டில் கேலி செய்வார்கள்.

அந்த வீட்டுக் கொட்டகை ஒரு வருடமாகக் காலியாகக் கிடந்தது. இருந்த மாடு பாம்பு கடித்துச் செத்துப்போனது. காலையில் எழுந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைவரை போய், மாடு இல்லாதது நினைவுக்கு வந்து திரும்பிவிடுவாள் ஷோபனா. ஒரு வருடம் கழித்தும் அப்படித்தான் போனாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் முரளிதரன், யாரும் கேட்காமலே, துளசிங்கத்தை வீட்டுக்கு வரச் சொன்னான்.

துளசிங்கம் ஒரு வியாழக்கிழமை ஒரு மயிலை மாட்டைக் கொண்டுவந்து இறக்கினார். சாம்பலும் வெளுப்புமான நிறம், நல்ல மடி, சாதுவான கண். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்து மாடு. கன்று பிறந்த வாரத்திலேயே இறந்துவிட்டதாம்.

"கன்னு இல்லாமலே வேளைக்கு நாலு லிட்டர் கறக்குதும்மா. உன்ன மாதிரி வாய் இருக்கறவ கைல குடுத்தா அஞ்சாவும்" என்றார்.

மறுநாள் காலை ஷோபனா மடியைக் கழுவி, எண்ணெய் தொட்டு, பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். தன் பெயர், மகள் பெயர், போன மாட்டின் கதை, பால் சொசைட்டி வண்டி வரும் நேரம் எல்லாம் சொன்னாள். மயிலை காதை ஆட்டிக்கொண்டு கேட்டது. பால் இறங்கவில்லை. அரை மணி நேரம் பீய்ச்சியதில் ஒரு டம்ளர் தேறியது. மாலையிலும் அப்படியே. மடி கல்லாகக் கனத்திருந்தது. உள்ளே இருப்பதை மாடு அடக்கிக்கொண்டது. காலை மாற்றி மாற்றி வைத்துத் தவித்ததே தவிர விடவில்லை. இப்படியே போனால் மடிநோய் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை துளசிங்கம் வந்து பார்த்தார். "ஒரு ஊசி கீது. போட்டா கொட்டும்" என்றார்.

"அந்த ஊசி வாணாம். அது மாட்டுக்கும் ஆவாது, பால குடிக்கிறவங்களுக்கும் ஆவாதுன்னு டாக்டரே சொல்லிகீறாரு."

"அப்போ வெள்ளிக்கிழம கிருத்திக கழியட்டும். சனிக்கிழம காலைல வண்டி அனுப்பறேன். வேற மாடு பாத்துத் தரேன்."

"இத்த எங்க இட்டுனு போவ?"

"ஆந்திரா பக்கம் ஒருத்தர் கீறாரு."

அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கன்றும் இல்லாமல் பாலும் தராத மாட்டை வாங்குகிறவர் எதற்கு வாங்குவார் என்று ஷோபனாவுக்குத் தெரியும். சேவலின் கொக்கரிப்பு அவளுக்குப் புதிதல்ல.

அவர் போன பிறகு மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சுசித்ரா ஒரு யோசனை சொன்னாள். அவள் வீட்டில் தெலுங்குதான். புருஷன் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். அவரைப் 'பாவா' என்று கூப்பிடுவாள்.

"அக்கா, அது பொதட்டூர்பேட்ட மாடு. அவங்க வூட்ல தெலுங்குல பேசிகினு இருப்பாங்க. நீ தமிழ்ல கதை சொன்னா அதுக்கு இன்னா தெரியும்?"

ஷோபனாவுக்கு இது முன்பே தோன்றாமல் போனது வெட்கமாக இருந்தது. எல்லை ஊர், அவளுக்கே பாதித் தெலுங்கு தெரியும். பஸ்ஸிலும் கடையிலும் ஆள் முகத்தைப் பார்த்து பாஷையை மாற்றுகிறவர்கள், மாட்டிடம் மட்டும் தமிழிலேயே பேசிவிட்டோமே என்று நினைத்தாள். அன்று மாலை மாவரைத்துக்கொண்டே பாடம் படித்தாள். "நா தல்லி, பாலு இய்யம்மா, பயபடகு" என்று பத்து முறை சொல்லிப் பார்த்தாள். என் தாயே, பால் கொடம்மா, பயப்படாதே.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் பக்கத்து மனையில் போர் போடும் லாரி வந்து நின்றது. ஷோபனா சொம்போடு போனபோது அது தடதடவென்று பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, "நா தல்லி! பயபடகு!" என்று கத்தினாள். மயிலை தலையை நிமிர்த்தியது. காது இரண்டும் முன்னால் வந்தன. காம்பு விறைத்து, நான்கு இழுப்பில் பால் நுரைத்துக்கொண்டு இறங்கியது. சொம்பு நிறைந்து அவள் குடத்தைத் தேடி ஓடினாள்.

"சுசி! தெலுங்குதாண்டி! தெலுங்குதான்!"

அன்று முழுக்க ஷோபனா தெலுங்கிலேயே திரிந்தாள். சோறு வேண்டுமா என்று முரளிதரனைத் தெலுங்கில் கேட்டாள். அவன் "ஆங்" என்றான். அது எல்லா பாஷைக்கும் பொதுவாக இருந்தது. அபி மட்டும், "அம்மா, மாட்டுக்குத்தானே சொல்லச் சொன்னாங்க, எனக்கு ஏன்?" என்று கேட்டுத் திட்டு வாங்கினாள்.

செவ்வாய்க்கிழமை லாரி போய்விட்டிருந்தது. ஷோபனா அதே தெலுங்கைச் சொன்னாள். ஒரு டம்ளர்தான் வந்தது. உச்சரிப்பு சரியில்லையோ என்று சுசித்ராவையே கூட்டிவந்து உட்காரவைத்தாள். சுசித்ரா, "நா பங்காரு, நா பங்காரு" என்று கொஞ்சினாள். என் தங்கமே, என் தங்கமே. மயிலை அவள் முந்தானையை நக்கியது. பால் வரவில்லை.

"அவங்க தெலுங்கு வேற போலகீது அக்கா. இன்னா சொல்லிக் கறந்தாங்கன்னு நேரா போய் கேளு."

இன்னும் ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு வியாழக்கிழமை ஷோபனா கிளம்பினாள். திருத்தணி பஸ் ஸ்டாண்டில் மறுநாள் கிருத்திகைக்காக அப்போதே காவடிகள் இறங்கத் தொடங்கியிருந்தன. பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். பசித்தால், கன்றைத் தேடினால், ஆள் புதிதென்றால், மாடு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குரலில் சொல்லிவிடுகிறது. எல்லாம் இந்த நிமிஷத்துச் சேதி. போன மாதம் நான் எங்கே இருந்தேன், என்னை எப்படிக் கறந்தார்கள் என்று மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை. அந்த ஒன்றைக் கேட்டு வர ஒரு மனுஷியை இரண்டு பஸ் மாறி இன்னொரு மனுஷியிடம் அனுப்புகிறது. சொல்ல வாய் இல்லாத அது பாவமா, வாய் இருந்தும் ஒரு வாரமாக வீணாகப் பேசிய தான் பாவமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவே படக் படக் என்று அடித்துக்கொண்டிருந்தது. ஞானம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முன்கட்டில் இரண்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. ஷோபனா வாசலில் நின்று, "அம்மா, மயிலைய வாங்கனவங்க நாங்க" என்றாள். சொன்னது அவள் காதுக்கே எட்டவில்லை. ஞானம்மாள் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொண்டு, சிரித்தபடி கையைக் காட்டி உள்ளே உட்காரவைத்தாள். கோடித் தறியில் நின்ற கணவனைக் கூப்பிட அவள் வாயைத் திறக்கவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை இரண்டு முறை தட்டி பல்பை அணைத்து ஏற்றினாள். அவர் திரும்பிப் பார்த்தார். இரண்டு விரலைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தாள். அவர் தலையாட்டிவிட்டுத் தன் தறியை விட்டு வந்து அவளுடையதையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இத்தனைக்கும் ஒரு சொல் செலவாகவில்லை.

பின்கட்டுக்குப் போனதும் ஞானம்மாள் பேசினாள். பழக்கத்தில் அங்கேயும் கத்தியே பேசினாள்.

"மாடு நல்லா கீதா?"

"நல்லாதான் கீது, பால்தான் எறங்கல. நீங்க இன்னா சொல்லிக் கறப்பீங்க? தெலுங்கா? பேரு இன்னா வச்சீங்க?"

ஞானம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாட்டுகிட்ட நான் பேசறதா? எங்க வூட்டுக்காரருகிட்ட பேசியே எத்தினி வருசம் ஆவுது! பேரு வச்சி இன்னா பண்றது, கூப்ட்டா யாரு காதுல வுழும்? காலைல ஆறு மணிக்கு அவரு தறிய போடுவாரு, நான் சொம்ப எடுத்துனு இங்க வருவேன். அவ்ளோதான். ஒண்ணியும் சொல்றதில்ல."

"கன்னு இல்லாமலே குடுத்துதா?"

"குடுக்கும். கரண்ட் போற நாள்லதான் கொஞ்சம் மக்கர் பண்ணும். பாதிச் சொம்போட நிப்பேன். கரண்ட் போனா எனக்கே கடுப்பாவுது, அதுக்கும் அப்டித்தான்னு வுட்டுட்டேன்."

ஷோபனா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மயிலையைக் கட்டியிருந்த இடம், இப்போது காலியாக, தறிக்கூடத்துச் சுவரை ஒட்டியே இருந்தது. போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் அதிர்ந்தது. படக் படக் படக் படக். கை வழியாகத் தோள்வரை ஏறியது. பக்கத்து மனையில் போர் லாரி குடைந்த திங்கட்கிழமை அவளுக்கு நினைவு வந்தது. அன்று மயிலை காதை முன்னால் கொண்டுவந்தது அவள் தெலுங்குக்கு இல்லை. அவள் சொன்னதே அதன் காதில் விழுந்திருக்காது.

"அய்யய்யோ" என்றாள் ஷோபனா. செல்போனை எடுத்துச் சுவரோரம் பிடித்து அரை மணி நேரம் தறிச் சத்தத்தைப் பதிவு செய்தாள். ஞானம்மாள் அதிசயமாகப் பார்த்தாள். கிளம்பும்போது ஷோபனா கையைக் கூப்பி, நெஞ்சில் வைத்து, பஸ் போகும் திசையைக் காட்டினாள். ஞானம்மாளுக்குப் புரிந்தது.

சாயங்காலம் வீடு வந்து மாட்டின் பக்கத்தில் போனை வைத்துச் சத்தத்தைப் போட்டாள். டப்பிக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது. மயிலை ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பியது. ஷோபனா கொட்டகை வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த முரளிதரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஞானம்மாள், சுவிட்ச், சுவர், லாரி, தன் தெலுங்கு என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில், "சனிக்கிழம வண்டி வந்துடும் மாமா" என்று முடித்தாள்.

அவன், "ம்" என்றான்.

மறுநாள் கிருத்திகை. கிருத்திகையன்று முரளிதரன் நாலு மணிக்கே மலையடிவாரத்தில் ஆட்டோவோடு நிற்பான். மாதத்தில் அவனுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஷோபனா ஐந்தரைக்கு எழுந்து வந்து பார்த்தபோது ஆட்டோ வீட்டிலேயே இருந்தது. கொட்டகைச் சுவரை முட்டுகிற மாதிரி பின்பக்கமாக நிறுத்தியிருந்தான். ஸ்பீக்கர் பெட்டி இரண்டையும் கழற்றி, மாட்டுக்குப் பின்னால் இருந்த பலகை மேல் வைத்து ஒயர் இழுத்திருந்தான். அவள் கேட்க வாயெடுப்பதற்குள் போனுக்காகக் கையை நீட்டினான்.

படக் படக் படக் படக். பலகை அதிர்ந்தது. கோழிகள் கூரைக்கு ஓடின. ஷோபனா, "மெதுவா வையி மாமா, மெரளப் போவுது" என்று சொன்னாள். அது அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் விட்டுவிட்டாள். மயிலை மெல்லுவதை நிறுத்தியது. காது இரண்டும் முன்னால் வந்தன. நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஷோபனா உட்கார்ந்து காம்பில் கை வைப்பதற்குள் பால் தானாகவே சொட்டியது.

அவள் வாயை மூடிக்கொண்டு கறந்தாள். குடம் பாதி நிறைந்ததும் ஆட்டோ பக்கம் திரும்பி, உள்ளங்கையை மேலே தூக்கி அப்படியே நிறுத்திக் காட்டினாள். குறைக்காதே, அப்படியே இருக்கட்டும். முரளிதரன் தலையாட்டினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கறந்து முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஷோபனா அவ்வளவு நேரம் அவன் மாதிரி இருந்தது அதுதான் முதல் தடவை.

சத்தம் நின்றதும் மதிலுக்கு மேலே சுசித்ராவின் தலை தெரிந்தது. "அக்கா, எப்போ தறி போட்டீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

சனிக்கிழமை காலை துளசிங்கம் வண்டியோடு வந்து, படக் படக் சத்தத்தில் வாசலிலேயே நின்றுவிட்டார். ஷோபனா குடத்தைக் கொண்டுவந்து அவர் கண்முன்னால் சாய்த்துக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா! இப்போ இதுக்கு நல்ல பார்ட்டி கீதும்மா, வேணும்னா..."

"வெறும் தரையில நின்னு கொக்கரிக்காத. டீ குடிச்சிட்டு காலி வண்டிய ஓட்டிகினு போ."

பிறகு நடந்ததை ஷோபனாவே எல்லோரிடமும் சொல்வாள். தினமும் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அதன் அடியில் அவள் தன் பேச்சையும் மெல்லக் கலந்தாள். பேச்சுக்கே பால் விடப் பழக்கிவிடலாம் என்பது அவள் திட்டம். இரண்டு மாதத்தில் தறிச் சத்தம் இல்லாமலே மயிலை பால் விட ஆரம்பித்தது. ஷோபனா வெற்றி என்றுதான் நினைத்தாள். ஆனால் மாடு வேறொன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. தினமும் தறிச் சத்தம் போடுவதற்கு முன்னால் ஆட்டோ ஸ்டார்ட் ஆகிப் பின்பக்கமாகக் கொட்டகைக்கு வரும். அந்தச் சத்தம்தான் இப்போது அதற்குத் தறி. காலையும் மாலையும் கறக்கிற நேரம், சரி. முரளிதரன் பதினொரு மணிக்குச் சாப்பிட வந்தாலும் பால் சொட்டியது. அந்தச் சாலையில் நாளைக்கு நூறு ஆட்டோ போகிறது. வேறு எதற்கும் மயிலை தலையைத் தூக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு, ஆட்டோ வந்து நிற்பதற்கு முன்பே கொட்டகைத் தரையெல்லாம் பால். ஷோபனா இடுப்பில் கை வைத்து மயிலை முன்னால் நின்றாள். "ஏண்டி, வாய் வலிக்க ரெண்டு மாசமா பேசறேன், அது ஏறல. அந்த டப்பா ஆட்டோ தெருமுனை திரும்பறது மட்டும் உனக்குக் கேட்டுதா?"

"நீயுந்தாம்மா" என்றாள் அபி, படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். "நைனா ஆட்டோ திரும்பனா நீ எழுந்து போயி டீ வெக்கிற. பேசிகினே போற. உனக்கே தெரியாது."

"போடி, நான் எப்போ வெச்சேன்?" என்றாள் ஷோபனா.

வாசலில் ஆட்டோ நின்றது. முரளிதரன் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தொண்டையைச் செருமினான். உள்ளே டீ பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.